பிணைப்புக் கோட்பாடு படித்தாகிவிட்டது, சிகிச்சை அறையில் அதை வைத்து என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் ஆலோசனை உளவியலில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "அட்டாச்மென்ட் தியரி படித்தோம், நான்கு வகைகளும் மனப்பாடம். ஆனால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் தூக்கம் வரவில்லை என்று எதிரில் வந்து உட்காரும்போது இதை வைத்து என்ன செய்வது? அம்மா அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு 'நீங்கள் இன்ன வகை' என்று சொல்வதா?"

'நீங்கள் இன்ன வகை' என்று சொல்லாமல் இருந்தாலே அந்த நாற்பது வயதுக்காரருக்குப் பெரிய உதவி.

பிணைப்புக் கோட்பாடு (அட்டாச்மென்ட் தியரி) என்பது, சிறு வயதில் வளர்த்தவர்களோடு அமைந்த பிணைப்பு பிற்கால உறவுகளையும் பாதிக்கிறது என்று சொல்வது. அது தனியாக ஒரு சிகிச்சை முறை அல்ல. முதல் வாரம் இது, நான்காம் வாரம் அது என்று அதற்குப் படிகள் கிடையாது. நீங்கள் எந்த முறையில் பயிற்சி எடுத்திருந்தாலும், எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு கிட்டே போகலாம், எப்போது கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், அவர் சொல்வதில் எதைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கு அது உதவும். இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பிக்கே இதில் ஒரு வருத்தம் இருந்தது. நோயாளிகளுக்குப் பயன்படட்டும் என்று ஒரு மருத்துவர் உருவாக்கிய கோட்பாட்டை, குழந்தை வளர்ச்சியை ஆராய்பவர்கள்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள் என்று 1988-இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் சொல்லியிருக்கிறார். அதே தொகுப்பில் சிகிச்சையாளரின் வேலை என்று ஐந்தைக் குறிப்பிடுகிறார். முதல் வேலை, வருபவர் தன் வாழ்க்கையின் வலிமிகுந்த பகுதிகளைத் துணிந்து பார்ப்பதற்கு ஒரு பாதுகாப்பான தளமாக இருப்பது. பழசைத் தோண்டுவது அதற்கு அப்புறம்தான் வருகிறது. பயிற்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். நானும் ஆக்கியிருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

மேரி எய்ன்ஸ்வொர்த் பால்டிமோரில் செய்த சோதனை உங்களுக்குத் தெரியும். ஒரு வயதுக் குழந்தையை அம்மாவோடு புது அறையில் உட்கார வைத்து, இருபது நிமிடத்துக்குள் இரண்டு முறை அம்மாவை வெளியே அனுப்பித் திரும்ப வரச் சொல்வார்கள். பாடத்தில் படித்தபோது நாம் எல்லோரும் பிரிவையே பார்த்தோம், யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று. வகை பிரிப்பதற்கு எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தது, அம்மா திரும்பி வரும் கணத்தை. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, மறுபடி பொம்மைகளிடம் போகிறதா? ஒட்டிக்கொண்டே அம்மாவை உதைக்கிறதா? அம்மா வந்ததே தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டுகிறதா? முதலாவது பாதுகாப்பான வகை, இரண்டாவது ஒட்டிக்கொள்ளும் வகை, மூன்றாவது விலகும் வகை. நான்காவதைப் பிறகு சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை வருகிற சிகிச்சையில் ஒவ்வொரு அமர்வின் முதல் ஐந்து நிமிடமும் இப்படி ஒரு திரும்பி வருதல்தான். கோட்பாட்டிலிருந்து என் வேலைக்கு எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயம். போன வாரம் ஒருவர் அழுதுவிட்டுப் போனார். இந்த வாரம் வந்ததும் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, அலுவலகக் கதை சொல்கிறார். இன்னொருவர் உட்காருவதற்கு முன்பே, "போன தடவை நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும்" என்கிறார். இரண்டு பேரும் தங்கள் உறவுகளின் வரலாற்றைக் கேட்காமலே காட்டிவிட்டார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு அது அமைதியாக இருக்கும், சமர்த்து என்றுகூடத் தோன்றும். ஆனால் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் இதயத் துடிப்பை அளந்தபோது, அந்தக் குழந்தைகளின் துடிப்பும் ஏறியே இருந்தது. 1992-இல் டோசியர், கோபாக் என்ற இருவர் இதையே பெரியவர்களிடம் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் பெற்றோரைப் பற்றிய நேர்காணல் நடத்தி, கூடவே, உள்ளுக்குள் பதற்றம் கூடினால் கூடுகிற தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். "அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை" என்று கடந்துபோகிறவர்களுக்குத்தான் பிரிவு, நிராகரிப்பு பற்றிய கேள்விகளின்போது அளவு கூடியது. நிதானமாகப் பேசுகிறார், பாதிப்பு ஒன்றும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதப் போகும் முன் இந்த இரண்டு ஆய்வையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து பெரியவர்களின் இரண்டு உத்திகளுக்கு வரலாம். உதவிக்கு ஆள் வருவார்களா என்பது நிச்சயமில்லாத வீட்டில் வளர்ந்த ஒருவர், வருகிற வரைக்கும் சத்தத்தைக் கூட்டக் கற்றுக்கொள்கிறார். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவர், கேட்பதையே நிறுத்தக் கற்றுக்கொள்கிறார், நாளடைவில் தனக்குத் தேவை இருக்கிறது என்று உணர்வதையும் குறைத்துக்கொள்கிறார். இரண்டும் நோய் இல்லை. அந்த வயதில், அந்த வீட்டில், அதுதான் புத்திசாலித்தனம். வீடு மாறிய பிறகும் உத்தி மாறாமல் இருப்பதுதான் சிக்கல்.

மேரி மெயினும் அவருடைய சகாக்களும் 1980-களின் நடுவில் உருவாக்கிய ஒரு நேர்காணல் இருக்கிறது. சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதை மதிப்பிட முறையான பயிற்சி வேண்டும், நீங்கள் செய்து மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மையத்தில் இருக்கிற யோசனை அறையில் தினமும் உதவும். அம்மாவுடனான உறவைச் சொல்ல ஐந்து சொற்கள் கேட்பார்கள், பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நினைவைக் கேட்பார்கள். ஒருவர் "அன்பானவர்" என்பார். எப்போது அப்படி இருந்தார் என்று கேட்டால், "எல்லா அம்மாக்களும் போலத்தான், குறிப்பாக ஒன்றும் ஞாபகம் இல்லை" என்பார். இன்னொருவர் ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் பேசுவார். முப்பது வருஷத்துக்கு முந்தைய சண்டை நேற்று நடந்தது போல நிகழ்காலத்தில் ஓடும், நடுவே கேள்வியே தொலைந்துபோகும். மூன்றாமவர் அடி வாங்கி வளர்ந்தவராக இருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறார், சொன்னதற்கு உதாரணம் தருகிறார், "அப்போது அப்படித்தான் புரிந்தது, இப்போது யோசித்தால் அவருக்கும் உதவி இல்லை" என்று ஒரு கணம் நின்று பார்க்கிறார். மதிப்பீட்டில் மூன்றாமவர்தான் பாதுகாப்பானவர்.

அதாவது, என்ன நடந்தது என்பதை விட, நடந்ததை ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்பதற்குத்தான் அங்கே எடை. மோசமான குழந்தைப் பருவத்துக்குப் பிறகும் இப்படிக் கோவையாகப் பேச முடிகிறவர்களை, பாதுகாப்பைச் சம்பாதித்தவர்கள் என்றே அந்தத் துறையில் அழைக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு இருப்பதே அந்தச் சொல்லால்தான்.

ஆக, உங்கள் நாற்பது வயதுக்காரர் பேசும்போது கதையை மட்டும் கேட்காதீர்கள், கதை எங்கே உடைகிறது என்று கேளுங்கள். பொதுவாகப் பாராட்டிவிட்டு உதாரணம் இல்லாமல் நிற்கும் இடம், காலம் குழம்பும் இடம், சிரிப்பு பொருந்தாத இடம். அங்கே உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். "அந்த நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள்?" என்று ஒரு சின்ன விவரம் கேட்டாலே போதும். விலகும் பழக்கம் உள்ளவரிடம் "அப்போது என்ன உணர்ந்தீர்கள்?" என்றால் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும், அவர் பொய் சொல்லவில்லை. இடம், நேரம், யார் கதவைத் திறந்தார்கள் என்று போனால், உணர்ச்சி தானாகப் பின்னால் வரும். வராமலும் போகும். அன்றைக்கு அவ்வளவுதான்.

சத்தத்தைக் கூட்டுகிறவரிடம் வேலை வேறு. அவருக்கு உணர்ச்சி குறைவில்லை, அதை வைக்க ஒரு பாத்திரம்தான் இல்லை. இங்கே இரக்கப்பட்டு அமர்வை இருபது நிமிடம் நீட்டுவது, இரவு பதினொரு மணிக்கு வரும் குறுஞ்செய்திக்கெல்லாம் பதில் போடுவது, இதெல்லாம் அவருடைய பழைய பாடத்தையே உறுதி செய்கிறது: பெரிதாகக் கத்தினால்தான் ஆள் வருவார்கள். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடித்து, அடுத்த வாரமும் அதே போல் இருப்பதுதான் அவருக்குப் புதிது. முதலில் அது அவருக்குக் கொடுமையாகத் தெரியும், கோபப்படுவார். கோபப்பட்ட பிறகும் நீங்கள் அதே நாற்காலியில் இருந்தால், அதுவும் கணக்கில் சேரும்.

மாலின்க்ராட் போன்ற ஆய்வாளர்கள் இதைத் தூரத்தைச் சரிசெய்வது என்று விவரிக்கிறார்கள். தொடக்கத்தில் வருபவருக்குத் தாங்கக்கூடிய தூரத்தில் நிற்பது, உறவு பிடித்த பிறகு, விலகுபவரிடம் கொஞ்சம் கிட்டே போவது, ஒட்டிக்கொள்பவரிடம் கொஞ்சம் இடம் விடுவது. முதல் நாளே எதிர்த்திசையில் இழுத்தால் ஆள் ஓடிவிடுவார்.

என் தவறுக்கு வருகிறேன். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். நாற்பதுகளில் ஒருவர், தூக்கமின்மை, கணக்குப் போட்டாற்போல் பேச்சு. ஆறு மாதமாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். நான் இரண்டு வாரம் விடுமுறை என்று முன்கூட்டியே சொன்னேன். "நல்லதாகப் போயிற்று, எனக்கும் வேலை இருக்கிறது" என்றார். திரும்பி வந்ததும் அடுத்தடுத்து இரண்டு அமர்வை ரத்து செய்தார். மூன்றாவது வாரம் வந்து, இப்போது பரவாயில்லை, நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன் என்றார். எனக்கோ கோட்பாடு கண் முன்னால் ஜொலித்தது. "நான் விடுமுறை போனது உங்களைப் பாதித்திருக்குமோ?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் ஊருக்குப் போனதற்கா?" மிச்ச நேரம் பேச்சு எழவே இல்லை.

நான் சொன்னது தப்பாக இருந்திருக்காது. ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் அவர் வந்ததும் நானே ஆரம்பித்தேன்: "போன தடவை நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்காமல் என் விளக்கத்தை உங்கள் மேல் போட்டுவிட்டேன். அது எப்படி இருந்தது?" ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "யாரும் அப்படித் திரும்பி வந்து கேட்டதில்லை" என்றார். பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போன அம்மாவைப் பற்றிய பேச்சு அதற்கு இன்னும் ஏழெட்டு வாரம் கழித்துத்தான் வந்தது. தூக்கம் சரியாக அதை விட நாளானது.

இங்கே வேலை செய்தது என் விளக்கம் அல்ல, பழுதானதைச் சரிசெய்தது. எட்வர்ட் ட்ரோனிக் குழந்தை–தாய் காணொளிகளில் பார்த்ததும் இதுதான்: நன்றாகப் போகும் இணைகளிலும் கணிசமான நேரம் இருவரும் ஒத்திசையாமல்தான் இருக்கிறார்கள், பிசகி மறுபடி சேர்வதுதான் முக்கியம். பெரியவர்களின் சிகிச்சையில் சாஃப்ரன், முரன் இருவரும் உறவு விரிசலையும் அதைச் சரிசெய்வதையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். பயிற்சியில் இதற்கு ஒதுக்குகிற நேரம் போதவே போதாது என்பது என் கருத்து.

நான்காவது வகை தனி. மெயின், சாலமன் இருவரும் அடையாளம் காட்டிய ஒழுங்கு குலைந்த பிணைப்பு. யாரிடம் அடைக்கலம் போக வேண்டுமோ அவரே பயத்துக்கும் காரணம் என்றால், குழந்தை முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. இப்படி வளர்ந்த ஒருவரிடம் நீங்கள் கனிவாக இருந்தால் அவர் அமைதியாவார் என்று எதிர்பார்ப்போம். சில சமயம் நேர்மாறாக நடக்கும். நெருக்கம் கூடியதுமே எச்சரிக்கை மணி அடிக்கும், தன் மனதில் என்ன, எதிரில் இருப்பவர் மனதில் என்ன என்று யோசிக்கும் திறன் அந்த நேரத்தில் அணைந்துபோகும். பேட்மன், ஃபோனகி இருவரும் உருவாக்கிய மனமறிதல் சார்ந்த சிகிச்சை இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் கொந்தளிக்கும் நிலை) உள்ளவர்களிடம் அதன் முதல் ஒப்பீட்டு ஆய்வு 1999-இல் வந்தது, எட்டாண்டுத் தொடர் ஆய்வு 2008-இல் வந்தது, பலன் தங்கியிருந்ததைக் காட்டியது. அதிலிருந்து நீங்கள் உடனே எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று: எதிரில் இருப்பவர் கொதிநிலையில் இருக்கும்போது குழந்தைப் பருவத்தைப் பற்றி ஆழமான விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், குட்டி வாக்கியங்களில் பேசுங்கள், "ஒரு நிமிடம், நான் சொன்ன எந்தச் சொல்லில் இது மாறியது?" என்று பின்னுக்குப் போங்கள். இப்படிப்பட்டவர்களை, உங்கள் வேலையைக் கூட இருந்து வழிநடத்தும் மூத்த மேற்பார்வையாளர் இல்லாமல் தனியாகக் கையாளவும் வேண்டாம்.

உங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 1994-இல் டோசியரும் சகாக்களும் செய்த ஆய்வில், மனநலப் பணியாளர்களின் சொந்தப் பிணைப்பு நிலையையே பார்த்தார்கள். பாதுகாப்பான பணியாளர்கள், எதிரில் இருப்பவர் வெளியே காட்டுவதைத் தாண்டி அடியில் இருக்கும் தேவைக்கு ஈடுகொடுத்தார்கள். மற்றவர்கள் வெளியே தெரிந்ததற்கு ஏற்ப இழுபட்டார்கள்: ஒட்டுபவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், விலகுபவரை விட்டுவிட்டார்கள். யாருடைய அமர்வு ரத்தானால் உங்களுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கிறது? யாரைப் பற்றி வீட்டுக்குப் போயும் யோசிக்கிறீர்கள்? மேற்பார்வைக்குப் போகும்போது இந்த இரண்டு பெயர்களோடு போங்கள்.

"எல்லாவற்றுக்கும் அம்மாவைக் குறை சொல்கிற கோட்பாடு இல்லையா?" என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தரவு அவ்வளவு கட்டாயமாக எதையும் சொல்லவில்லை. லண்டனில் முதல் குழந்தைக்குக் காத்திருந்த தாய்மார்களிடம் மேலே சொன்ன மெயினின் நேர்காணலை எடுத்து, பிறகு குழந்தைக்கு ஒரு வயதானபோது பார்த்ததில், பாதுகாப்பா இல்லையா என்பது நான்கில் மூன்று இணைகளில் பொருந்தியது என்று ஃபோனகி குழு 1991-இல் எழுதியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வந்த பெரிய தொகுப்பாய்வில் அந்தத் தொடர்பு இருந்தது, ஆனால் பழைய ஆய்வுகள் காட்டியதை விடப் பலவீனமாக. குழந்தைப் பருவத்திலிருந்து பெரிய வயது வரை ஒரே வகையாகவே இருப்பார்கள் என்பதும் உறுதியில்லை. இழப்பு, நல்ல திருமணம், மோசமான திருமணம், சிகிச்சை எல்லாமே அதை நகர்த்துகின்றன. லெவியும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைநிலைக் கோளாறு உள்ள 90 பேர் மூன்று விதச் சிகிச்சைகளில் ஒன்றை ஓராண்டு பெற்றார்கள். அவற்றில் சிகிச்சையாளருடனான உறவையே மையமாக வைக்கும் ஒரு முறையில் மட்டும் பாதுகாப்பான பிரிவுக்கு மாறியவர்கள் கூடினார்கள். ஒரே ஆய்வை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன், ஆனால் இந்த வகைகள் கல்வெட்டு இல்லை என்பதற்கு அது போதும்.

இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களைப் பற்றி ஒரு வரி. 1987-இல் ஹாஸன், ஷேவர் இருவரும் ஒரு நாளிதழில் வெளியிட்ட காதல் வினாத்தாளிலிருந்து கிளைத்த மரபு அது, ஆய்வுக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் ரோய்ஸ்மன் குழு 2007-இல் காட்டியபடி, அப்படித் தானே நிரப்பும் தாளும் மேலே சொன்ன நேர்காணலும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு விஷயங்களை அளக்கின்றன. யாராவது "நான் அவாய்டன்ட் டைப்" (விலகும் வகை) என்று சொல்லிக்கொண்டு வந்தால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "அப்படித் தோன்ற வைத்தது எந்தச் சம்பவம்?" என்று கேளுங்கள், அங்கிருந்து பேச்சு போகும்.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். குழந்தைகளைப் பிடித்து அமுக்கி "பிணைப்பை வரவழைக்கிறோம்" என்று நடந்த சில முறைகளும் அட்டாச்மென்ட் தெரபி என்றே அழைக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சிறுமி அப்படி ஒரு அமர்வில் இறந்தே போனாள். பௌல்பியின் கோட்பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முடிக்கும் காலம் வரும்போது மறுபடி அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு வாருங்கள். கடைசி அமர்வுக்குத் திரும்பி வருதல் கிடையாது, அதனால் அதற்கு முந்தைய ஏழெட்டு அமர்வுகளில்தான் எல்லாம் தெரியும். விலகும் பழக்கம் உள்ளவர் கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பே வராமல் நின்றுவிடப் பார்ப்பார். ஒட்டும் பழக்கம் உள்ளவருக்குப் பழைய பிரச்சினை புதிதாகக் கிளம்பும். தேதியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இது நடக்கலாம் என்றும் முன்பே சொல்லி வையுங்கள். "தேவைப்பட்டால் மறுபடி வரலாமா?" என்று கேட்டால் நான் வரலாம் என்றுதான் சொல்கிறேன், அதைச் சார்புநிலை என்று நினைப்பதில்லை. நான் மேலே சொன்னவர் அதைக் கேட்கவே இல்லை. போய் ஒன்றரை வருஷம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, ஒரு அமர்வு மட்டும் வேண்டும் என்றார்.